முதல் தடவை நேர்ல சந்திக்கிறோம்: சினிமா பேசி, வழியாம, பிடிச்சிருக்குன்னு எப்படித் தெரிய வைக்கிறது?

உச்சிப்புளி_பையன்

எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். சினிமா பேசுற ஒரு வாட்ஸ்அப் குரூப்ல பழக்கமானவங்க, ஊர் கீழக்கரை. எனக்கு 27, அவங்களுக்கு 26. படத்தைப் பத்தி மெசேஜ்ல நல்லா பேசிக்கிறோம். வர்ற சனிக்கிழமை நேர்ல பார்க்கலாம்னு அவங்களே சொன்னாங்க, இடத்தை மட்டும் என்கிட்ட விட்டுட்டாங்க. அரியமான் பீச்சா, தனுஷ்கோடியா, இல்ல ராமநாதபுரத்துலயே ஒரு படத்துக்குப் போயிரலாமான்னு முடிவு பண்ண முடியல.

டைப் பண்ணும்போது வர்ற பேச்சு நேர்ல வருமான்னு பயமா இருக்கு. சினிமாதான் ரெண்டு பேருக்கும் பொது. அதை எப்படி ஆரம்பிச்சு எப்படிக் கொண்டு போறது? பிடிச்சிருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும், ஆனா வழியுற மாதிரி இருக்கக் கூடாது. "இயல்பா இருங்க"ன்னு மட்டும் சொல்லாம, என்ன செய்யணும், எங்க சொதப்பும்னு விவரமா சொல்லுங்க.

வடகடல்_ஓரம்

தம்பி, முதல்ல இடத்தை முடிச்சுருவோம். பேச்சு பாதி சொதப்புறது இடத்தாலதான்.

தியேட்டர் முதல் சந்திப்புக்கு வேணாம். ரெண்டரை மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்து பேச முடியாது. இடைவேளை பாப்கார்ன் வரிசையிலயே போயிரும். கைப்பிடியில யார் கை வைக்கிறதுங்கிற பதற்றத்துலயே ரெண்டு பேருக்கும் படம் ஓடிரும். அதை ரெண்டாவது சந்திப்புக்கு வச்சுக்கங்க.

தனுஷ்கோடி பார்க்கத்தான் அழகு, பேசுறதுக்கு ஆகாது. அங்க கடைசி முனையான அரிச்சல்முனையில காத்து அடிக்கிற அடியில ஒவ்வொரு வாக்கியத்தையும் கத்திச் சொல்லணும். மெதுவா சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைக் கத்திச் சொன்னா அது வேற வார்த்தை ஆயிரும். மணல் கண்ணுல, வாயில, தலையில. பொழுது சாய்ஞ்சா எல்லாரையும் கிளப்பி விட்டுருவாங்க. இதையெல்லாம் விட முக்கியம்: ராமேஸ்வரத்துல இருந்து சுமார் 20 கிலோமீட்டர், ஒரே ரோடு. நடுவுல கிளம்பணும்னு அவங்களுக்குத் தோணுச்சுன்னா பஸ்ஸுக்குக் காத்துக்கிடக்கணும், இல்ல உங்க வண்டியிலதான் ஏறணும். முதல் தடவை சந்திக்கிற ஒரு பொண்ணை அந்த நிலைமையில வைக்காதீங்க.

பாம்பன் பாலத்துல வண்டியை ஓரங்கட்டிப் பேசலாம்னு நினைக்கிறவங்களும் உண்டு. பின்னாடி பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கும், அஞ்சு நிமிஷம் தாங்காது.

அரியமான் சரியான தேர்வு. வடகடல் பக்கம், அலை கம்மி, சவுக்கு நிழல் இருக்கு, குடும்பங்கள் நடமாட்டம் இருக்கு. கச்சான் காத்து, அதாவது தென்மேற்குக் காத்து அடிக்கிற ஆனி, ஆடியில தென்கடல் கொந்தளிச்சாலும் வடகடல் அடங்கித்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை வாடைன்னா நிலைமை தலைகீழ், அப்ப தென்கடல்ல இருக்கிற சேதுக்கரை பக்கம் பாருங்க. சனிக்கிழமை சொன்னது நல்லது. ஞாயித்துக்கிழமைன்னா சுத்துவட்டார வேன் எல்லாம் அங்கதான் நிக்கும்.

நாலு மணிக்கு வாங்க, அஞ்சரைக்கு முடிங்க. முடியுற நேரத்தை முன்கூட்டியே சொல்லிடுங்க. ஒன்றரை மணி நேரம்னு தெரிஞ்சா அவங்களும் நிம்மதியா வருவாங்க, பேச்சு சரியா அமையலைன்னாலும் யாரும் காரணம் தேட வேண்டியதில்லை. அவங்க கீழக்கரை திரும்ப ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுல மாறணும், அந்த நேரத்தையும் கணக்குல சேர்த்துக்கங்க. மெயின் ரோட்டுல இருந்து பீச்சுக்கு உள்ள போக ஆட்டோ வேணும். ஆட்டோக்காரர் நம்பர் உங்ககிட்ட இருந்தா பத்தாது, அவங்ககிட்டயும் இருக்கணும்.

உட்கார்ற இடம். அங்க கடல் வடக்குப் பார்த்து இருக்கு, சாயங்கால வெயில் இடது பக்கத்துல இருந்து வரும். அவங்களுக்கு இடது கைப் பக்கம் நீங்க உட்கார்ந்தீங்கன்னா உங்களைப் பார்க்கிறப்பெல்லாம் அவங்க கண்ணு கூசும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பேசுறவங்களைப் பார்த்து, பிடிக்கலை போலன்னு நீங்க குழம்புவீங்க. வலது பக்கம் உட்காருங்க, வெயிலை நீங்க வாங்கிக்கங்க. எதிரும் புதிருமா வேணாம். ரெண்டு பேரும் கடலைப் பார்த்து, நடுவுல ஒரு பை வைக்கிற இடைவெளி விட்டு உட்கார்ந்தா மௌனம் வந்தாலும் உறுத்தாது, பார்க்கிறதுக்குக் கடல் இருக்கு.

சாப்பாட்டுல நண்டு, மீன் பொரியல் எதுவும் வேணாம். ரெண்டு கையும் ஓட்டுக்குள்ள மாட்டிக்கும், பேச்சு நின்னுரும், கை கழுவ நல்ல தண்ணி தேடணும். மிளகாய்ப் பொடி தடவின மாங்காயும் அப்படித்தான், பொடி பல்லுல ஒட்டிக்கிட்டு சிரிக்க விடாது. டீ, சுண்டல், நுங்கு நேரம்னா நுங்கு, அது போதும். தண்ணி பாட்டில் ஆளுக்கொன்னு. பரிசு எதுவும் வேணாம். குறிப்பா, கீழக்கரைக்காரங்களுக்கு அந்த ஊர் இனிப்பான கீழக்கரைத் தொதலையே வாங்கிட்டுப் போயிராதீங்க.

இடைவேளை_டீ

இடத்தைப் பத்தி மேல சொன்னவர் சரியா சொல்லிட்டார். நான் சினிமாப் பேச்சுக்கு வர்றேன்.

"உங்களுக்குப் பிடிச்ச படம் எது?" இதுல ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. குரூப்ல ஏற்கெனவே நூறு படம் பேசினவங்க நீங்க. நேர்ல இதைக் கேட்டா பரீட்சை மாதிரி ஆயிரும், அவங்க மனசுல இருக்கிற உண்மையான படத்தை விட்டுட்டு மரியாதையான ஒரு படத்தைச் சொல்லுவாங்க. நீங்களும் தலையாட்டுவீங்க. அதோட பேச்சு படுத்துரும்.

அதுக்குப் பதிலா, படம் பார்த்த ஆளைப் பத்தித் தெரியுற மாதிரி கேளுங்க. டிவியில எந்தப் படம் ஓடுனா சேனலை மாத்தாம எங்க இருந்து வேணா பார்ப்பாங்க? எந்தப் படத்தைப் பாதியில நிறுத்தினாங்க, எந்த இடத்துல? வீட்டுல எல்லாரையும் ஒண்ணா தியேட்டருக்குக் கிளப்பின கடைசிப் படம் எது? எல்லாரும் அழுத காட்சியில தனக்கு மட்டும் அழுகை வராத படம் எது? இதுக்கெல்லாம் தப்பான பதில்னு ஒண்ணு கிடையாது. ஒவ்வொரு பதிலுக்குள்ளயும் ஒரு அம்மா, ஒரு தம்பி, ஒரு பழைய வீடு, ஒரு கோபம் இருக்கும். அடுத்த கேள்வியை அங்க இருந்து எடுங்க. "அந்தக் காட்சியில எனக்கு எரிச்சலா வந்துச்சு"ன்னு அவங்க சொன்னா, உடனே அந்தக் காட்சி ஏன் சிறப்புன்னு ஆரம்பிக்காதீங்க. "எரிச்சல் அவன் பேசினதுலயா, அவ பேசாம இருந்ததுலயா?"ன்னு கேளுங்க. இப்படி ஒரு கேள்வி வந்தா, தான் சொன்னதை ஒருத்தன் நிஜமாவே கேட்டிருக்கான்னு அவங்களுக்குப் புரியும். பத்துப் பாராட்டு செய்யாத வேலையை இது செய்யும்.

அதுக்காகக் கேள்வியாவே அடுக்கிட்டுப் போகாதீங்க, அது போலீஸ் விசாரணை. ஒரு கேள்வி, அவங்க பதில், அதுல இருந்து ஒரு துணைக் கேள்வி, அப்புறம் உங்க கருத்து ரெண்டே வாக்கியத்துல. இந்தச் சுத்துல போனா பேச்சு தானா ரெண்டு பக்கமும் நகரும். நம்ம பசங்க சறுக்குறது அந்த ரெண்டு வாக்கியத்துலதான். கதையை முதல் காட்சியில இருந்து சொல்ல ஆரம்பிச்சுருவாங்க, இல்ல லென்ஸ், கலர் கிரேடிங்னு வகுப்பு எடுப்பாங்க. ஒரு படத்துக்கு ஒரு நுணுக்கம் போதும். அவங்க மேல கேட்டா மட்டும் அடுத்தது. அவங்க பார்க்காத படம்னா முடிவைச் சொல்லாதீங்க. "பார்த்துட்டுச் சொல்லுங்க, அந்த கிளைமாக்ஸ் பத்தி உங்ககிட்ட பேசணும்"னு விட்டுட்டா அடுத்த சந்திப்புக்கு ஒரு நூல் கிடைக்குது.

அவங்களுக்குப் பிடிச்ச நடிகர் உங்களுக்கு ஆகாதவரா? எனக்கும் பிடிக்கும்னு பொய் சொல்லாதீங்க. ரெண்டாவது பாதியைப் பத்தி ஒரு கேள்வி கேட்டா மாட்டிக்குவீங்க. குரூப்ல நீங்க எழுதினது எல்லாம் வேற அங்க கிடக்கு. "எனக்கு அவர் படங்கள் அவ்வளவா ஒட்டலை, நீங்க ஒண்ணு பார்க்கச் சொன்னா எதைச் சொல்லுவீங்க?" இது போதும், சண்டையும் இல்லை, பொய்யும் இல்லை. கமல் 1954ல பரமக்குடியில பிறந்தவர்ங்கிறதால இந்த மாவட்டத்துல ரஜினியா கமலாங்கிற வாதத்துக்கு ஊர்ப் பாசமும் சேர்ந்துக்கும். அதுல இறங்கினா ஒன்றரை மணி நேரமும் அதுக்கே போயிரும், அவங்களைப் பத்தி ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

இன்னொண்ணு, இதை இந்தக் கடற்கரைக்காரங்க எல்லாரும் மனசுல வச்சுக்கணும். 2002ல வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' ராமேஸ்வரம் அகதி முகாமைத் தொட்டுப் போற கதை, அதனால நம்ம ஊரு ஆட்கள் பேச்சுல அது சட்டுனு வரும். தாராளமா பேசலாம். ஆனா படகுல வந்து இறங்குற காட்சி "செம விஷுவல்"னு சொல்லிட்டு நகர்ந்துராதீங்க. மண்டபம் அகதி முகாம் இங்கதான் இருக்கு. அந்தப் படகுல வந்தவங்க பக்கத்துத் தெருவுலயும் இருப்பாங்க, நீங்க சந்திக்கிறவங்க வீட்டு உறவுலயும் இருக்கலாம். தனுஷ்கோடி இடிஞ்ச சர்ச் முன்னாடி பாட்டு எடுத்ததைப் பத்திப் பேசுறதும் அப்படித்தான். 1964 டிசம்பர் புயல்ல ஆளை இழந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. முதல்ல "உங்க வீட்டுல இதைப் பத்திப் பேசுவாங்களா?"ன்னு கேட்டுட்டு, பதிலைப் பார்த்து மேல போங்க.

சேதுக்கரை_வாசகி

ரெண்டு அண்ணன்களும் நல்லா சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு இடத்துல மாத்துக் கருத்து. நடுவுல பை வைக்கிற இடைவெளின்னு சொன்னார், அந்தப் பையை யார் வைக்கணும்கிறதை அவங்ககிட்ட விட்டுருங்க. முதல்ல அவங்க உட்காரட்டும், அதைப் பார்த்து நீங்க உட்காருங்க.

இப்ப வழிசல் விஷயம். எதுல தெரியும்னா, சொன்ன உடனே பதில் எதிர்பார்க்கிறதுல. "இன்னிக்கு ரொம்ப அழகா இருக்கீங்க"ன்னு சொல்லிட்டு முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா, அவங்க நன்றி சொல்லணுமா, சிரிக்கணுமா, திருப்பிச் சொல்லணுமான்னு தெரியாம கையில இருக்கிற கர்சீப்பைத் திருகிக்கிட்டு இருப்பாங்க. பாராட்டைச் சொல்லுங்க, அதே மூச்சுல பேச்சை வேற எதுக்காவது கொண்டு போயிருங்க. "அந்த நீலக் கம்மல் உங்களுக்கு எடுப்பா இருக்கு. டீ சொல்லவா?" அவ்வளவுதான். அவங்க பார்த்து எடுத்த பொருள், யோசிச்சுச் சொன்ன கருத்து, பேசுற விதம், இதுல எதையாவது பாராட்டுங்க. நிறம், உடம்பு, எடை பத்தி நல்ல விதமாக்கூட வாயைத் திறக்காதீங்க.

"நீங்க அந்த நடிகை மாதிரியே இருக்கீங்க" வேண்டவே வேண்டாம். சினிமா பேசுறவங்களுக்கு இது சுலபமா வாயில வந்துரும். அந்த நடிகையை அவங்களுக்குப் பிடிக்குமான்னு உங்களுக்குத் தெரியாது, எதுல ஒற்றுமைன்னு கேட்டா பதில் சொல்லவும் முடியாது. பட வசனத்தைத் தூக்கிப் போடுறதும் அப்படித்தான். அது யாரோ ஒருத்தர் வேற ஒரு பொண்ணுக்காக எழுதினது. அவங்களைப் பத்தி நீங்களே கவனிச்ச ஒரு சின்ன விஷயம் அதை விட நூறு மடங்கு. உதாரணமா, "நீங்க ஒரு படம் பிடிக்கலைன்னா 'பரவால்ல'ன்னு எழுதுவீங்க, பிடிச்சா அரை மணி நேரத்துக்கு ஒண்ணுமே எழுத மாட்டீங்க. அதை நான் கவனிச்சிருக்கேன்." இதுக்குள்ள பிடிச்சிருக்குங்கிறது தானா இருக்கு. ஆனா குரூப்ல பேசினதுல இருந்து மட்டும் எடுங்க. அவங்க பழைய போட்டோ எல்லாம் தேடிப் பார்த்து எடுத்துட்டு வந்தா பயந்துருவாங்க.

கூப்பிடுறது: நீங்க, வாங்க, போங்கதான். அவங்களா "நீ"ன்னு இறங்கினா நீங்களும் இறங்கலாம், முந்திக்க வேணாம். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. "மேடம்" வேணாம், "ஏய்", "ஓய்" கண்டிப்பா வேணாம்.

இந்த ஊர்ல பொண்ணுங்களுக்கு இருக்கிற பயம் என்னன்னா, யாராவது பார்த்துட்டு வீட்டுல சொல்லிருவாங்களோங்கிறதுதான். அதைக் கூட்டுற எதையும் செய்யாதீங்க. போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க, அவங்க போன்ல எடுக்கச் சொன்னா இன்னும் நல்லது. கடல் படம் மட்டும்னாலும் அன்னிக்கு ஸ்டேட்டஸ் வைக்காதீங்க. அவங்களும் அதே கடலை வச்சிருந்தா குரூப்ல இருக்கிறவங்க ரெண்டையும் சேர்த்துப் பார்த்துருவாங்க. தெரிஞ்சவங்க எதிர்ல வந்தா எழுந்து ஓடாதீங்க. "சினிமா குரூப்ல பழக்கம்"னு உண்மையைச் சாதாரணமா சொல்லுங்க. என்ன சொல்லணும்னு முன்னாடியே ரெண்டு பேரும் பேசி வச்சுக்கங்க.

அவங்களுக்குப் பேச்சு ஓடலைன்னா தெரிஞ்சுரும். அடுத்தடுத்து ஒரு வார்த்தைப் பதில், திருப்பிக் கேள்வி இல்லை, பை மடிக்கு வந்துரும், போனை அடிக்கடி பார்ப்பாங்க. அப்ப "கிளம்பலாமா? பஸ்ஸுக்கு நேரம் சரியா இருக்கும்"னு நீங்களே எடுத்துக் கொடுங்க. என்ன ஆச்சுன்னு நோண்டாதீங்க. ஓடுதுன்னா, நீங்க முன்னாடி சொன்ன ஏதோ ஒண்ணை அவங்க திரும்ப இழுத்து உங்களைக் கிண்டல் பண்ணுவாங்க. சிரிப்பை மட்டும் கணக்குல எடுக்காதீங்க, மரியாதைக்கும் சிரிப்போம். சங்கடமா இருந்தாலும் சிரிப்போம்.

சொல்றதை எப்பச் சொல்லணும்னா, ஆட்டோ வர்றதுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி. "உங்ககூட பேசினது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. இன்னொரு தடவை பார்க்கலாம்னு ஆசை. இப்பவே சொல்லணும்னு இல்லை, வேணாம்னாலும் குரூப்ல எப்பவும் போல பேசலாம்." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுராதீங்க, சொன்னபடி நடந்தும் காட்டுங்க. அவங்க வேணாம்னா வேணாம்தான். திரும்பத் திரும்பப் பின்னாடி வந்தா மனசு மாறும்னு படங்கள் எத்தனை தடவை காட்டினாலும், பஸ் ஸ்டாண்டுல பின்னாடி ஒருத்தன் நிக்கிறது எந்தப் பொண்ணுக்கும் காதலா தெரியாது.

உச்சிப்புளி_பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம். அவங்க மூணு மாசமா ஒரு படத்தைப் பார்க்கச் சொல்லிட்டே இருக்காங்க, நான் பார்க்கலை. சனிக்கிழமைக்கு முன்னாடி பார்த்துட்டுப் போயிரவா? அப்புறம், டீக் காசு யார் கொடுக்கிறது?

இடைவேளை_டீ

பார்த்துட்டுப் போங்க. ஆனா ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட்டாதீங்க, கதைச் சுருக்கம் படிச்சுட்டுப் பார்த்தேன்னும் சொல்லாதீங்க. ரெண்டுமே அவங்க பேச ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம் தெரிஞ்சுரும். பார்க்கும்போது ரெண்டு இடம் குறிச்சுக்கங்க: ஒண்ணு உங்களுக்குப் பிடிச்சது, இன்னொண்ணு அவங்களுக்கு ஏன் பிடிச்சிருக்கும்னு புரியாதது. அந்த ரெண்டாவதைத்தான் நேர்ல கேட்கணும். "நேத்துப் பார்த்தேன்"னு மெசேஜ்ல சொல்லிராதீங்க, அங்கயே பேச்சு தீர்ந்துரும். நேரம் கிடைக்கலைன்னா பார்க்கலைன்னே சொல்லுங்க. அதையே ரெண்டாவது சந்திப்புக்குத் திட்டமா மாத்தலாம்: வேற ஊர்ல இருந்துக்கிட்டே ஒரே ராத்திரி ரெண்டு பேரும் ஓடிடியில பார்த்துட்டு, மறுநாள் பேசுறது.

தியேட்டருக்குப் போறதா இருந்தா மேட்னி. படம் முடிஞ்ச உடனே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாம அரை மணி நேரம் டீக்கு ஒதுக்குங்க. வெளிய வந்ததும் "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்காதீங்க, படம் இன்னும் தலைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கும். டீ கைக்கு வந்தப்புறம் கேளுங்க.

சேதுக்கரை_வாசகி

டீக் காசை இடம் சொன்னவர் கொடுக்கட்டும், அதாவது நீங்க. அவங்க கொடுக்கிறேன்னா ஒரு தடவை "பரவாயில்லைங்க"ன்னு சொல்லலாம், ரெண்டாவது தடவையும் நீட்டினா கொடுக்க விட்டுருங்க. கடைக்காரர் முன்னாடி கையைத் தட்டி விடுற நாடகம் வேணாம். அன்னிக்கு ராத்திரி "வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாச்சா?"ன்னு ஒரே ஒரு மெசேஜ். பதில் வந்தா பேசுங்க. வரலைன்னா மறுநாள் சாயங்காலம் வரைக்கும் விடுங்க. குட் மார்னிங் படம் அனுப்பாதீங்க.

வடகடல்_ஓரம்

ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. சனிக்கிழமை மழை, இல்ல காத்து தாங்க முடியலைன்னா மாத்து இடம் கையில வச்சுக்கங்க. ராமநாதபுரம் அரண்மனையில ராமலிங்க விலாசம்னு பழைய தர்பார் மண்டபம் இருக்கு, இந்த ஊரை ஆண்ட கிழவன் சேதுபதி கட்டினது. உள்ள சுவர் முழுக்க 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள்: சேதுபதி தர்பார், மராட்டியரோட நடந்த போர், ராமாயணம்னு கட்டம் கட்டமா கதை போகும். சினிமாப் பைத்தியம் ரெண்டு பேருக்கு இதை விட நல்ல இடம் அமையாது. எந்தக் கட்டத்துல யாரை நடுவுல வச்சிருக்கான், அடுத்த கட்டத்துக்குக் கதை எப்படித் தாவுதுன்னு பக்கத்துல பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே பேசலாம், பேச்சு முட்டினா அடுத்த சுவருக்கு நகரலாம். கீழக்கரை பஸ் நேரா ராமநாதபுரம் வர்றதால அவங்களுக்கு அலைச்சலும் பாதி. சாயங்காலமே மூடிருவாங்க, அதனால சந்திப்பை மூணு மணிக்கு மாத்திக்கங்க. மாத்துறதா இருந்தா சனிக்கிழமை காலையிலயே சொல்லிருங்க, அவங்க வீட்டுல சொல்லிட்டு வர்ற நேரம் அதைப் பொறுத்துதான்.